முகமும் தாடையும் வளரும் விதம், பல் சீரமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லுக்குக் கிளிப் போடுவது பற்றிப் பேச வரும் பெற்றோர்கள் ஐந்தே நிமிடத்தில் பல்லை விட்டுவிட்டுத் தாடைக்கு வந்துவிடுவார்கள். தாடை ஏன் உள்ளே இருக்கிறது, இன்னும் வளருமா, காத்திருக்கலாமா, இப்போதே ஏதாவது செய்தாக வேண்டுமா? கேட்க வேண்டிய கேள்விகள்தான். பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம். தாடையை அது வளரும் காலத்தில் மட்டுமே வழிநடத்த முடியும், அந்தக் காலமும் முகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் வேறு. பல் சீரமைப்பு மருத்துவராக நான் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. உடம்பு வளர வளர முகமும் அதே அளவுக்குப் பெருசாகும், அவ்வளவுதானே டாக்டர்?

அப்படி இல்லை. உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வேகம் உண்டு, அதில் மூளை எல்லாவற்றையும் முந்திக்கொள்கிறது. ஆறு வயதுக்குள் அது பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தைத் தொட்டுவிடும், மண்டையோடும் கூடவே வளர்ந்துவிடும். முகம் பின்னால்தான் வருகிறது. பிறந்த குழந்தைக்கு முகத்தைவிட மண்டைப் பகுதி சுமார் எட்டு மடங்கு பெரியது. பெரியவர்களிடம் அது இரண்டு மடங்குதான்.

முகத்துக்குள்ளும் ஒரு வரிசை உண்டு. மூளைக்கு அருகில் இருக்கும் மேல்தாடை முன்னதாக வளர்ந்து முன்னதாக அடங்கும். கீழ்த்தாடை உடம்பின் உயரத்தை ஒட்டிப் போகும். பருவ வயதில் வேகமெடுத்து, கடைசியாக நிற்கும். திசையைப் பார்த்தால் அகலம் முதலில் முடியும், அடுத்து முன்பின் நீளம், கடைசியில் உயரம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி எளிதாகப் புரியும்.

2. எலும்பு நாலு பக்கமும் ஒரே மாதிரி பெருக்குமா, இல்ல ஏதாவது ஒரு இடத்துல மட்டும் வளருமா?

மேல்தாடை மற்ற முக எலும்புகளோடு சேரும் பொருத்துகளில் புது எலும்பு படிகிறது. அதனால் தாடை மொத்தமாகக் கீழும் முன்னும் நகர்கிறது. கூடவே அண்ணத்தின் மூக்குப் பக்கம் எலும்பு கரைய, வாய்ப் பக்கம் படிய, அண்ணமே கீழிறங்குகிறது. மூக்குக்குள் காற்று போக இடம் கூடுவது இப்படித்தான்.

கீழ்த்தாடையின் கதை இன்னும் சுவையானது. காதுக்கு முன்னால் உள்ள மூட்டு முனையில் குருத்தெலும்பு வளர்கிறது. தாடையின் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் பகுதியில் பின் விளிம்பில் எலும்பு படிகிறது, முன் விளிம்பில் கரைகிறது. வரப்பின் ஒரு பக்கம் மண் அணைத்து மறுபக்கம் செதுக்கிக்கொண்டே போனால் வரப்பே தள்ளிப் போகுமல்லவா, அதுபோல அந்தப் பகுதி முழுவதும் பின்னால் நகர்கிறது. முன்னால் விடுபடும் இடத்தில்தான் ஆறு வயது, பன்னிரண்டு வயது, பதினெட்டை ஒட்டிய வயது என மூன்று கடைவாய்ப் பற்களும் அடுத்தடுத்து முளைக்கின்றன.

இதைக் கண்டறிந்த விதமும் சொல்லத் தக்கது. 18-ஆம் நூற்றாண்டில் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரைப் பன்றிகளின் தீனியில் கலந்து கொடுத்தார். அந்தச் சாயம் அந்தச் சமயத்தில் படியும் புது எலும்பை மட்டும் சிவப்பாக்கும். எங்கே சிவந்ததோ அங்கே வளர்ச்சி. 20-ஆம் நூற்றாண்டில் கோபன்ஹேகனில் பல் சீரமைப்பு ஆய்வாளர் ஆர்னே பியோர்க் குழந்தைகளின் தாடை எலும்பில் மிகச் சிறிய உலோக ஊசிகளைப் பதித்து, வருடக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். வளரும்போது தாடை சுழலவும் செய்கிறது என்பது அப்போதுதான் தெளிவானது. முன்னோக்கிச் சுழன்றால் முகம் குட்டையாகி முகவாய் எடுப்பாகும். பின்னோக்கிச் சுழன்றால் முகம் நீண்டு முகவாய் பின்வாங்கும்.

3. கைக்குழந்தைக்குத் தாடை உள்ளே போன மாதிரி இருக்கு. பாட்டி தினமும் குளிப்பாட்டும்போது எண்ணெய் போட்டு நீவி விடுறாங்க. சரியாகுமா?

சரியாகும், ஆனால் நீவுவதால் அல்ல. பிறக்கும்போது கீழ்த்தாடை பின்தங்கி இருப்பது இயல்பு. இரண்டு பாதிகளாக இருக்கும் அந்த எலும்பு முதல் வயதுக்குள் நடுவில் ஒட்டிக்கொள்ளும், தாடையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு வரும். மேலோடு மென்மையாகத் தடவிவிடுவதில் கெடுதல் இல்லை. மூக்கைப் பிடித்து உருவுவது, வாய்க்குள் விரலை விட்டு அண்ணத்தைத் தூக்குவது, மூக்கில் எண்ணெய் விடுவது, இந்த மூன்றும் வேண்டாம். எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் பாதிக்கப்படும்.

ஒரு விலக்கு உண்டு. தாடை மிகச் சிறியதாக இருந்து, மல்லாக்கப் படுத்தால் மூச்சு திணறுகிறது, பால் குடிக்கவே சிரமப்படுகிறது என்றால் காத்திருக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

4. அவங்க அப்பாவுக்கும் இதே தாடைதான். பரம்பரைன்னா ஒண்ணும் செய்ய முடியாதா? நாங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணதாலயா?

தாடையின் அமைப்பில் மரபுக்குப் பெரிய பங்கு உண்டு. முக்கியமாகக் கீழ்த்தாடை முன்தள்ளி இருப்பது குடும்பத்தில் ஓடும். ஐரோப்பாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்து ஓவியங்களில் பல தலைமுறைக்கு அந்தத் தாடையைப் பார்க்கலாம். அவர்கள் உறவுக்குள்ளேயே மணம் முடித்தவர்கள். உறவு நெருங்க நெருங்க தாடையின் முன்தள்ளலும் கூடியிருந்ததாக 2019-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் ஒரு தனிக் குழந்தையின் தாடைக்கு இதுதான் காரணம் என்று யாராலும் கைகாட்ட முடியாது. அம்மாக்கள் குற்ற உணர்ச்சியோடு இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தயவுசெய்து அந்தச் சுமையை இறக்கி வையுங்கள்.

பரம்பரை என்றால் கைவிரித்துவிட வேண்டும் என்பதும் தவறு. அப்பாவின் தாடை எப்படிப் போனது என்று தெரிந்தால் பிள்ளையின் தாடை எங்கே போகும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம். அதனால்தான் முதல் நாளே அப்பா, அம்மா, மாமா, அத்தை முகத்தையெல்லாம் விசாரிக்கிறோம்.

5. விரல் சூப்புறான். எப்போ கவலைப்படணும்?

நான்கு வயதுக்குள் விட்டுவிட்டால் பெரும்பாலும் பற்கள் தானாகச் சரியாகிவிடும். நிலையான முன்பற்கள் முளைக்கும் ஆறு, ஏழு வயதிலும் தொடர்ந்தால் மேல்வரிசை முன்னுக்குத் தள்ளும், முன்பற்கள் சேராமல் சந்து விழும், கன்னத்தின் அழுத்தத்தால் மேல்தாடை குறுகும். எத்தனை மணி நேரம் விரல் வாயில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பாதிப்பு. வேப்பெண்ணெய் தடவுவது, நாலு பேர் முன்னால் திட்டுவது எதுவும் உதவாது. குழந்தையே நிறுத்த நினைக்கும்படி பேசுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் அண்ணத்தில் பொருத்தும் ஒரு சிறு கம்பி இருக்கிறது.

6. எப்பவும் வாயைத் திறந்துக்கிட்டே தூங்குறா, குறட்டை வேற. முகம் நீளமாயிடும்னு சொல்றாங்களே?

மூக்கு அடைத்திருந்தால் குழந்தை தாடையைத் தாழ்த்தி, நாக்கைக் கீழே போட்டு மூச்சு விடும். வருடக்கணக்கில் அப்படியே இருந்தால் இரண்டாம் பதிலில் சொன்ன பின்னோக்கிய சுழற்சி கூடலாம், மேல்தாடை குறுகலாம். ஸ்வீடனில் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் வளர்ந்து காற்றை அடைக்கும் சதை) அறுவை செய்துகொண்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்ததில், பலருக்கு மூக்கால் மூச்சு விடத் தொடங்கியபின் தாடை வளரும் திசை ஓரளவு மாறியிருந்தது. அதற்காக நீண்ட முகம் எல்லாமே வாயால் மூச்சு விட்டதால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. பல குடும்பங்களில் அது மரபு. எப்படி இருந்தாலும், தினமும் குறட்டை விடும் குழந்தையை முகத்துக்காக இல்லாவிட்டாலும் தூக்கத்துக்காக காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

7. பால் பல்தானே, எப்படியும் விழப்போகுது. சொத்தையானா பிடுங்கிட வேண்டியதுதானே?

நான் அதிகம் மன்றாடும் இடம் இது. பால் பற்களில் கடைவாய்ப் பற்கள் இரண்டும் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. அவற்றின் இடத்தில் பிறகு வரும் நிலையான பற்கள் அகலத்தில் சிறியவை. அந்த வித்தியாசத்தால் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வரை உபரி இடம் கிடைக்கிறது. முன்பற்களின் லேசான நெருக்கத்தைத் தீர்க்க அதுவே பல குழந்தைகளுக்குப் போதும்.

ஏழு வயதில் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டால், ஆறு வயதில் முளைத்த பெரிய கடைவாய்ப் பல் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் வரவேண்டிய பல்லுக்கு வழி அடைபடும். ஆகவே சொத்தையை அடைத்துக் காப்பாற்றுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால், இடத்தைக் காக்கும் கம்பி வைக்க வேண்டுமா என்று அன்றைக்கே கேளுங்கள்.

8. எட்டு வயசுப் பையனுக்கு மேல் முன்பல் ரெண்டும் விரிஞ்சு, நடுவுல பெரிய சந்து. உடனே கிளிப் போடணுமா?

பெரும்பாலும் வேண்டாம். மேலே எலும்புக்குள் இருக்கும் கோரைப்பற்கள் இறங்கும் வழியில் பக்கத்துப் பற்களின் வேரை அழுத்துவதால் முன்பற்களின் நுனிகள் விரிந்து நிற்கின்றன. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் இறங்கியதும் சிறிய சந்து தானாக மூடிக்கொள்ளும். அவசரப்பட்டுக் கம்பி போட்டு இழுத்தால் அந்த வேர்கள் கோரைப்பல்லில் இடிபட வாய்ப்பு உண்டு. சந்து மிக அகலமாக இருந்தால் மட்டும், நடுவில் கூடுதல் பல் ஏதும் புதைந்திருக்கிறதா என்று ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

9. அப்போ எந்த வயசுலதான் கூட்டிட்டு வரணும்?

ஏழு வயதில் ஒரு முறை. அது பார்ப்பதற்கு மட்டும், கிளிப் போடுவதற்கு அல்ல. அந்த வயதில் வரும் குழந்தைகளில் பலரை ஒன்றும் செய்யாமலேயே அனுப்பிவிடுவோம், ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொல்வோம். கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் கடிப்பது, கடிக்கும்போது தாடை ஒரு பக்கம் நழுவுவது, மேல்தாடை குறுகலாக இருப்பது, இவற்றை மட்டும் காத்திருக்க விடமாட்டோம். காரணம் முதல் பதிலிலேயே இருக்கிறது: மேல்தாடையும் அகலமும் முன்னதாக முடிந்துவிடும்.

10. அண்ணத்துல ஸ்க்ரூ வெச்சு தினமும் திருகச் சொன்னீங்க. இப்போ முன்பல் நடுவுல பெரிய சந்து வந்துடுச்சே!

நல்ல அறிகுறி, பயப்படாதீர்கள். மேல்தாடை இடது, வலது என்று இரண்டு பாதிகள். அண்ணத்தின் நடுவே அவை சேரும் பொருத்து பருவ வயது வரை முழுதாக இறுகுவதில்லை. ஸ்க்ரூவின் கால் திருப்பு சுமார் கால் மில்லிமீட்டர். அது அந்தப் பொருத்தைத் திறக்கிறது, இடைவெளியில் புது எலும்பு நிரம்புகிறது. பல் மட்டும் நகர்ந்திருந்தால் இந்தச் சந்து விழுந்திருக்காது. சில வாரங்களில் முன்பற்கள் தாமாக நெருங்கிவிடும். எலும்பு உறுதியாகும் வரை சில மாதங்கள் கருவி வாயிலேயே இருக்க வேண்டும்.

1860-இல் சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் ஒரு சிறுமிக்கு இதைச் செய்து காட்டியபோது மற்ற மருத்துவர்கள் நம்பவில்லை. நூறு வருடம் கழித்து, 1960-களில்தான் இது பரவலாக ஏற்கப்பட்டது.

11. பன்னிரண்டு வயசு, மேல்பல் தூக்கி, கீழ்த்தாடை சின்னதா இருக்கு. தாடையை வளர வைக்கிற கருவின்னு சொல்றாங்களே, உண்மையிலேயே வளருமா?

கீழ்த்தாடையை முன்னால் வைத்துக் கடிக்கும்படி செய்யும் கழற்றி மாட்டும் கருவிகள் இவை. அதிகம் பயன்படும் ட்வின் பிளாக்கை 1977-இல் ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் உருவாக்கினார். ஒழுங்காக மாட்டினால் ஒரு வருடத்தில் முகத்தின் பக்கவாட்டுத் தோற்றம் கண்ணுக்குத் தெரியும்படி மாறும். ஆனால் அந்த மாற்றத்தில் பெரும்பகுதி பற்கள் நகர்ந்ததால் வருவது, தாடை வளர்ந்ததால் வருவது சிறுபகுதிதான். பெரியவனானபின் தாடையின் மொத்த நீளத்தை அளந்தால், கருவி மாட்டாதவர்களோடு பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. இதை முன்பே சொல்லிவிடுவது என் கடமை என்று நினைக்கிறேன். தாடை எவ்வளவு வளர வேண்டும் என்பது பெரும்பாலும் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. நாம் அந்த வளர்ச்சியைச் சரியான நேரத்தில் கடியை, அதாவது மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதத்தை, சீராக்கப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

ஆகவே எட்டு வயதில் தொடங்கி வருடக்கணக்கில் இழுப்பதைவிட, பருவ வேகம் எடுக்கும் நேரத்தில் தொடங்குவது நல்லது. முடிவு ஏறத்தாழ ஒன்றே, சிரமமும் செலவும் குறைவு. முன்பல் மிகவும் தூக்கியிருக்கும் ஓடியாடும் பிள்ளை மட்டும் விலக்கு. விழுந்து பல் உடையும் ஆபத்து சீக்கிரம் தொடங்கினால் குறைகிறது. பள்ளியில் கேலி பேசுகிறார்கள் என்று பிள்ளை ஒடுங்கிப் போயிருந்தாலும் நான் சீக்கிரமே தொடங்குவேன்.

12. என் பையனுக்குக் கீழ்த்தாடை முன்னாடி இருக்கு. பெரியவனானதும் பார்த்துக்கலாமா?

இதில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முன்கேள்விக்கு நேர் எதிரான நிலை இது. பல குழந்தைகளுக்குக் கீழ்த்தாடை பெரிதாக இருப்பதைவிட மேல்தாடை பின்தங்கியிருப்பதே சிக்கல். அதை முன்னுக்கு இழுக்க முகமூடி போன்ற ஒரு கருவி உண்டு. நெற்றியிலும் முகவாயிலும் ஊன்றி, ரப்பர் பட்டைகளால் மேல்தாடையை முன்னால் இழுக்கும். வீட்டில் இருக்கும்போதும் தூங்கும்போதுமாக ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம் மாட்ட வேண்டும். பொருத்துகள் இளகியிருக்கும் ஏழு முதல் பத்து வயதுக்குள் இது நன்றாக வேலை செய்யும். பிரிட்டனில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, இந்தக் கருவியை மாட்டியவர்களில் 36 சதவீதம் பேருக்கும், மாட்டாதவர்களில் 66 சதவீதம் பேருக்கும் பின்னாளில் தாடை அறுவை தேவைப்படும் என்று மதிப்பிடப்பட்டது.

இது உத்தரவாதம் அல்ல. கீழ்த்தாடை கடைசியாக நிற்பது, ஆண்களுக்கு 18 வயதைத் தாண்டியும் வளரலாம். எட்டு வயதில் சரியான கடி பதினாறில் மறுபடி மாறுவதும் உண்டு. முகவாயில் பட்டை கட்டிக் கீழ்த்தாடையை அடக்கப் பார்த்த பழைய முறை நிலைக்காமல் போனதற்கும் பிற்காலத்தில் தொடரும் இந்த வளர்ச்சிதான் காரணம்.

13. பொண்ணு வயசுக்கு வந்து ஒரு வருஷம் ஆச்சு. வளர்ச்சி முடிஞ்சிருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

பெண் பிள்ளைகளுக்கு வேகமான வளர்ச்சியின் உச்சம் பெரும்பாலும் பூப்பெய்துவதற்குச் சுமார் ஒரு வருடம் முன்பே வந்துவிடுகிறது. ஆகவே உச்சம் கடந்துவிட்டது, மிச்சம் கொஞ்சம் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆண் பிள்ளைகளுக்கு அந்த உச்சம் சராசரியாக இரண்டு வருடம் தாமதம். பிறந்த தேதியை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது, ஒரே வகுப்பில் படிக்கும் இருவரின் எலும்பு வயது இரண்டு வருடம் வேறுபடலாம். உயரம் எவ்வளவு கூடியது, செருப்பு அளவு மாறுகிறதா என்று நாங்கள் கேட்பது இதற்காகத்தான்.

பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயில் கழுத்தெலும்புகளின் வடிவம் பருவத்துக்குப் பருவம் மாறுவது தெரியும். கை எக்ஸ்ரேயும் உதவும். தலையை ஒரே நிலையில் நிறுத்தி எடுக்கும் இந்த எக்ஸ்ரே முறை 1931-இல் அமெரிக்காவில் பிராட்பென்ட், ஜெர்மனியில் ஹோஃப்ராத் என இருவரால் தனித்தனியே வந்தது. வளர்ச்சி நின்றுவிட்டதா என்று உறுதியாகச் சொல்ல ஒரு படம் போதாது. இடைவெளி விட்டு எடுத்த இரண்டு படங்கள் ஒன்றின் மேல் ஒன்று பொருந்த வேண்டும்.

14. சின்ன வயசுல விழுந்து முகவாயில தையல் போட்டாங்க. இப்போ முகம் ஒரு பக்கம் கோணலா வருது, வாயும் சரியா திறக்கல. அதுவா காரணம்?

இருக்கலாம். முகவாயில் விழும் அடி காதுக்கு முன்னால் உள்ள மூட்டு முனையில்தான் போய் இறங்கும். வெளியே தோலுக்குத் தையல் போட்டதோடு விட்டுவிடுவார்கள், உள்ளே எலும்பு முறிந்தது யாருக்கும் தெரியாமல் போகும். குழந்தைகளுக்கு அந்த முறிவு பெரும்பாலும் நன்றாகக் கூடி, தாடையும் வளரும். சிலருக்கு மட்டும் மூட்டு மண்டையோட்டோடு ஒட்டிக்கொள்கிறது. அப்போது வாய் திறப்பது குறையும், அந்தப் பக்கம் வளர்ச்சி தங்கும், முகவாய் அடிபட்ட பக்கமாகவே திரும்பும்.

முகவாயில் அடிபட்ட எந்தக் குழந்தைக்கும் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த மாதங்களில் வாய் எவ்வளவு திறக்கிறது என்று கவனியுங்கள். குறைந்துகொண்டே வந்தால் தாடை அறுவை மருத்துவரிடம் உடனே போக வேண்டும். சிறு வயதில் விடுவித்தால் மிச்ச வளர்ச்சியாவது கிடைக்கும்.

15. உதடு, அண்ணப் பிளவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. அப்புறம் ஏன் மேல்தாடை பின்தங்குது?

அண்ணத்தைத் தைத்த இடத்தில் உண்டாகும் தழும்பு மேல்தாடையின் வளர்ச்சியைப் பிடித்து வைக்கிறது. அதற்காக அறுவையைத் தள்ளிப்போட முடியாது, பேச்சு வருவதற்கு அண்ணம் மூடியிருக்க வேண்டும். ஈறு எலும்பில் பிளவு இருந்தால், கோரைப்பல் இறங்குவதற்கு முன், பொதுவாக எட்டு முதல் பதினொரு வயதுக்குள் இடுப்பெலும்பிலிருந்து எடுத்து நிரப்புவார்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் பல் சீரமைப்பு ஒரு தடவையோடு முடியாது. வளர்ச்சி நிற்கும் வரை கட்டம் கட்டமாகப் போகும். நடுவில் விட்டுவிடாதீர்கள்.

16. நாலு பல் எடுத்துட்டு கிளிப் போட்டா முகம் ஒட்டிப்போயிடுமா?

எடுக்க வேண்டிய வாயில் எடுத்தால் ஒட்டாது. நம் பக்கத்தில் மேல், கீழ் இரண்டு வரிசையும் முன்தள்ளி, உதடு மூடச் சிரமப்படுபவர்கள் நிறைய. அவர்களுக்கு அந்த இடத்தைப் பயன்படுத்திப் பற்களைப் பின்னால் கொண்டுபோனால் உதடு இயல்பாக மூடும். ஏற்கெனவே தட்டையான முகம், எடுப்பான மூக்கு, முகவாய் உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் எடுக்க வேண்டும். வயதாக ஆக மூக்கும் முகவாயும் இன்னும் கொஞ்சம் முன்னுக்கு வரும், உதடு தட்டையாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

17. எனக்கு 28 வயசு. நாக்கை அண்ணத்துல அழுத்தி வெச்சா தாடை எடுப்பாகும்னு வீடியோ பார்த்தேன். செய்யலாமா?

நாக்கு அண்ணத்தை ஒட்டி இருப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் 28 வயதில் அதனால் தாடை எலும்பு மாறும் என்பதற்குச் சான்று இல்லை. பொருத்துகள் இறுகிவிட்டன, மூட்டு முனையின் வளர்ச்சி அடங்கிவிட்டது. வலிந்து அழுத்தினால் பற்கள் அசையவும் கடி மாறவும் செய்யலாம்.

இந்த வயதில் வழி இரண்டு. தாடை வித்தியாசம் சிறிதென்றால் பற்களை நகர்த்தி அதைச் சமாளிக்கலாம். பெரிதென்றால் கிளிப்போடு தாடை அறுவை. அறுவைக்கு வளர்ச்சி முடிந்திருப்பது அவசியம் என்பதால், இளைஞர்களைக் காக்க வைக்கும் காரணமே உங்களுக்குச் சாதகம்.

18. கிளிப் கழட்டிப் பல வருஷம் ஆச்சு. கீழ் முன்பல் மறுபடி நெருங்குது. ஞானப்பல் தள்ளுதா?

எல்லோரும் ஞானப்பல்லைத்தான் குற்றம் சொல்கிறார்கள். ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. ஞானப்பல்லே முளைக்காதவர்களுக்கும் இதே நெருக்கம் வருகிறது. முகம் இருபது வயதுக்குப் பிறகும் மெல்ல மாறிக்கொண்டே இருக்கிறது. மேல்தாடை நின்றபின் கீழ்த்தாடை இன்னும் சிறிது முன்னுக்கு நகர்வதும், உதட்டின் அழுத்தமும் சேர்ந்து கீழ் முன்பற்களை நெருக்குகின்றன. நெருக்கத்துக்காக மட்டும் ஞானப்பல்லை எடுக்க வேண்டாம். சொத்தை, வீக்கம், பக்கத்துப் பல்லுக்குக் கேடு என்றால் எடுங்கள்.

ரீடெய்னரை (கிளிப் கழற்றியபின் பற்களை அதே இடத்தில் நிறுத்தி வைக்கும் கருவி) எத்தனை வருடம் போடுவது என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்: பற்கள் எவ்வளவு காலம் இதே இடத்தில் இருக்க வேண்டுமோ அவ்வளவு காலம், இரவில் மட்டுமாவது. பழைய ரீடெய்னர் இறுக்கமாக இருந்தாலும் உள்ளே போகிறது என்றால் இன்று இரவே மாட்டத் தொடங்குங்கள். போகவில்லை என்றால் வலிந்து அழுத்தாமல் புது அளவு எடுக்க வாருங்கள்.